டிம் டீபோவும் நம் வாசல்படியும்

விழாத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய ஆயர் ஐயா அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, மைக் முதல் மோர் வரை பார்த்துக்கொண்ட இளைஞர் சங்கத் தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த செயலாளருக்குத் தனி நன்றி.

அமெரிக்க ஃபுட்பால் வீரர் டிம் டீபோவின் ஆட்டம், தொண்டு இரண்டையும் பேசப் போகிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று எந்த மேடையிலும் நான் சொல்வேன். இன்றும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

1987-ல் பிலிப்பைன்ஸில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2007-ல் வாங்கினார். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

2009 ஜனவரி 8, ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியுடன் தேசிய இறுதி ஆட்டம். வெளிச்சம் கூசாமலிருக்க ஆட்டக்காரர்கள் கண்ணுக்குக் கீழே கறுப்பு மை தீட்டுவார்கள். அந்த மையின் மேல் பிலிப்பியர் 4:13 என்று வேதாகம வசன எண்ணை எழுதிவந்தவர், அன்று யோவான் 3:16 என்று எழுதிக்கொண்டு இறங்கினார். 24-14, வெற்றி! ஒன்பது கோடிக்கும் மேற்பட்டோர் அந்த வசனத்தைக் கூகுளில் தேடியதாக அவரே சொல்வார். அப்புறம் கேளுங்கள். சரியாக மூன்று வருடம் கழித்து, அதே ஜனவரி 8. இப்போது தொழில்முறை ஆட்டம்; டீபோ டென்வர் அணியில், எதிரே பிட்ஸ்பர்க். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தின் முதல் வீச்சு, சக வீரர் டெமேரியஸ் தாமஸ் பிடித்தார், ஓடினார், 80 கெஜம், முடிந்தது ஆட்டம்! கணக்குப் பார்த்தால் அன்று டீபோ வீசியது மொத்தம் 316 கெஜம், அதே 3:16! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

சரி, தொழில்முறை ஆட்டத்தில் அவர் நிலைக்கவில்லை. அதை இன்னொரு நாள் பேசலாம். 2010-லேயே அறக்கட்டளை தொடங்கிவிட்டார். அதன் ‘நைட் டு ஷைன்’ விழா 2015 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சிவப்புக் கம்பளம், தலை அலங்காரம், ஷூவுக்குப் பாலிஷ், ஆட்டம் பாட்டம். ஒவ்வொருவருக்கும் இரவு முழுக்கக் கூடவே ஒரு துணை. முடிவில் எல்லோர் தலையிலும் கிரீடம்; வந்தவர் அத்தனை பேரும் ராஜா, ராணி. டீபோ ஒருவரால் ஆகுமா? பல நாடுகளில் அந்தந்த ஊர்த் திருச்சபைகளே நடத்துகின்றன. ஊர் கூடித் தேர் இழுக்கிறார்கள்.

ஐயா, இந்த மண்டபத்து வாசலில் மூன்று படி. இன்று மாலை ஒரு தம்பியைச் சக்கர நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். தூக்கும்போது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் அம்மா அவனுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அங்கே ஒரு சாய்தளம் வேண்டும். அதற்குத்தான் நான் அலைகிறேன்.

ஆயர் ஐயா அனுமதியோடு வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சிமெண்ட் தருகிறவர்கள் ஒரு பக்கம், கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் மறுபக்கம் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் வார்டு உறுப்பினருடையதாக இருக்கட்டும். ஊர் கூடித் தேர் இழுப்போம், வாருங்கள்.