பழைய சேலையில் புதிய போர்வை

நேயர்களுக்கு வணக்கம். இன்று என் தோழி ஒருத்தியின் கைவேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து பழக்கம். பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சாப்பாட்டு மேசைமேல் தையல் மெஷின். அக்கம்பக்கத்தார் கொடுக்கும் பழைய பருத்திச் சேலைகள் அந்த மேசையில் ஒட்டுத்துணிப் போர்வைகளாகின்றன. பாதி நேராகத் தாதிமை இல்லத்து முதியவர்களுக்குப் போகும். மீதி சமூக மன்றத்தில் விற்பனைக்கு. அந்தப் பணமும் அதே இல்லத்துக்குத்தான்.

சிங்கப்பூர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும் எண்பது வயதுக்காரருக்குக் கைகால் சில்லிட்டுவிடும். கம்பளி உறுத்தும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திக்கு ஈடு கிடையாது. வங்காளத்துக் காந்தா போர்வையும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதுதானே!

வெட்டுவதற்கு முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். இழை விட்ட இடம் அப்போது தெரிந்துவிடும். தோளில் ஊக்கு குத்திய பகுதி, காலில் பட்டுத் தேய்ந்த கரை எல்லாம் கழியும். இடுப்பில் சொருகும் உள்தலைப்பு மட்டும் வாங்கிய அன்றைய நிறத்தோடு இருக்கும். போர்வையின் நடுவில் அதைத்தான் வைப்பாள். சரிகை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரித்தெடுத்துவிடுவாள், வயதானவர்களின் தோலைக் கீறும் என்று. தையல் முடிச்சுகள் போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே மறைந்துவிடும்.

ஒரு முறை மதுரைச் சுங்குடி ஒன்று வந்தது. துணியைக் கிள்ளி, நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி விழும். மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைத்திறன் அது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடுத்தவர், காலமான தன் அம்மாவின் சேலை என்றார். என் தோழி அதைத் துண்டு துண்டாக வெட்டவில்லை. புள்ளி வரிசை குலையாமல் ஒரே பெரிய துணியாக நடுவில் வைத்துச் சுற்றிலும் மற்றதைத் தைத்தாள். கொடுத்தவர் வந்து பார்த்தார், தடவிக்கொண்டே நின்றார், அப்புறம் இல்லத்துக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

தர்ம காரியம்தானே, ஏனோதானோவென்று இருந்தாலும் பரவாயில்லை என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. அவளிடம் அது எடுபடாது. "காசு கொடுக்க முடியாதவங்களுக்குத்தான்டி நல்லதா கொடுக்கணும்" என்பாள். தையல் கொஞ்சம் கோணினாலும் பிரித்து மறுபடி தைப்பாள். இப்படி ஒருத்தி என் தோழி என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

விற்பனையின்போது சிலர், "துணி இனாமாத்தானே வருது, குறைச்சுக் கொடுங்க" என்று பேரம் பேசுகிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை. துணி இனாம்தான். அவள் கண்ணும் முதுகும் இனாமா? பத்து வெள்ளி குறைத்தால் அது அந்த முதியவர்களுக்குப் போக வேண்டிய பத்து வெள்ளி.

தீபாவளிக்கு முன்னால் அடுத்த விற்பனை இருக்கிறது. உங்கள் அலமாரியில் பருத்திச் சேலை சும்மா கிடந்தால் துவைத்துக் கொடுங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். பருத்தி சுருங்கும், அது சுருங்காது, போர்வை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். தைக்கத் தெரிந்த தொண்டூழியர்களும் தேவை. தொடர்பு எண்ணை நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.