பிரின்ஸ் எப்படிப் பிஞ்சு ஆனான்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் அவர்களே, அக்கா அவர்களே, காணும் பொங்கலுக்கு ஊருக்கு வந்து கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தங்களே, வணக்கம்.

'வீட்டு நாய்க்கு நிலைப்பது யோசித்து வைத்த பெயரா, பழகப் பழக வந்த பெயரா?' பழகி வந்த பெயரே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், நாலு பேரைக் கலந்துகொண்டு நல்ல பெயராக வைக்க வேண்டும் என்றார். பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் செனோஃபோனையே சாட்சிக்கு இழுத்து வந்தார். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மனிதர் வேட்டை நாய்களுக்கென்று 47 பெயர்களை எழுதி வைத்தது உண்மைதான். ஆனால் கூப்பிட வசதியாகச் சின்னப் பெயராக வையுங்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார், அதை அண்ணன் சௌகரியமாக விட்டுவிட்டார். முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் முயல் அடுத்த ஊர் எல்லைக்குப் போயிருக்கும் அல்லவா? பெயரை முடிவு செய்வது மூளை இல்லை, கூப்பிடுகிற வாய். 2,400 வருஷத்துக்கு முன்னாலேயே அந்த ஆள் நம்ம கட்சி!

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அப்பா தஞ்சாவூரில் இருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். பெயருக்காக மாநாடே நடந்தது. சித்தப்பா 'டைகர்' என்றார். தங்கச்சி 'ஸ்னோயி' என்றாள், குட்டியோ கன்னங்கரேல். கடைசியில் 'பிரின்ஸ்' என்று தீர்மானமாகி, கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையிலும் ஏறிவிட்டது. ஆனால் சோறு போடுகிற கை அப்பாயியின் கை. பொக்கை வாயில் 'பிரின்ஸ்' எப்படி நிற்கும்? முதலில் பிரிஞ்சு, அப்புறம் பிஞ்சு. கொல்லைப்புறத்தில் அலுமினியத் தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி, 'பிஞ்சூ...' என்று அப்பாயி ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பம்புசெட் தொட்டிக்குப் பின்னால் இருந்து, நாலு காலிலும் நாற்றங்கால் சேறு அப்பியிருக்க, கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் பாய்ந்து வரும். அதன் பெயர் பிஞ்சு! பழைய சோறு, மேலே முதல் நாள் கருவாட்டுக் குழம்பு. அப்பா வாசலில் நின்று 'பிரின்ஸ், கம்' என்று கம்பீரமாகக் கூப்பிட்டால் ஒரு காது மட்டும் ஆடும்.

தட்டுச் சத்தத்துக்குத்தானே வந்தது என்று எதிரணி கேட்கும். சரி, வைத்துக்கொள்ளுங்கள். நாய் பெயருக்கு அர்த்தம் பார்ப்பதில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கிறது. சோறு வருகிறதா, தடவிக் கொடுக்கிறார்களா, சங்கிலியில் கட்டுகிறார்களா? பிரின்ஸ் என்று கூப்பிட்டால் எங்கள் வீட்டில் குளியல், ஊசி, சங்கிலி. அவன் ஏன் வருவான்?

ஆளுக்கொரு பெயர் வைத்தால் நாய் குழம்பிவிடும் என்றும் அண்ணன் கவலைப்பட்டார். அமெரிக்காவில் சேசர் என்று ஒரு 'பார்டர் காலி' இன நாய். அதை வளர்த்த உளவியல் பேராசிரியர் 1,022 பொம்மைகளுக்குத் தனித்தனிப் பெயர் சொல்லிப் பழக்கினார். பெயரைச் சொன்னால் அந்தப் பொம்மையை எடுத்து வரும். 2011-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்த செய்தி இது. நம்ம ஊர் நாய்க்குத் தன் பெயரில் நாலைந்து தெரிந்திருப்பது ஒரு பாரமா?

அக்கா பைரவர் பக்கம் போனார். பைரவருக்கு வாகனம் நாய், சீர்காழி சட்டைநாதர் கோயிலில் அஷ்ட பைரவர் சன்னதியே இருக்கிறது, ஆகவே 'பைரவர்' என்று வைக்கலாம் என்றார். பக்தி பெரிதுதான். ஆனால் செருப்பைக் கடித்துக் குதறும்போது 'பைரவரே, கீழே வையுங்கள்' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டா அதட்டுவது? ஒரே மாதத்தில் 'டேய் பைரு' ஆகிவிடும்.

யோசித்து வைப்பதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளியின் பெயரை நாய்க்கு வைத்து, அவர் தெருவில் நடந்து போகும்போது பார்த்து அதட்டுவது. யோசித்து, திட்டமிட்டு, உள்நோக்கத்தோடு வைத்த பெயர்! பஞ்சாயத்து வரைக்கும் போகும். பாவம், நாய்க்கு அந்த வரப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஜப்பானில் உவேனோ என்ற வேளாண் பேராசிரியர் தன் நாய்க்கு வைத்த பெயர் ஹாச்சி. 1925-இல் அவர் இறந்தார். ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காக 1935 வரை அது காத்துக் கிடந்தது. உயிரோடு இருக்கும்போதே, 1934-இல் அதற்குச் சிலை வைத்தார்கள். இன்று உலகம் அதை ஹாச்சிகோ என்கிறது. பின்னால் ஒட்டிய அந்தக் 'கோ' அந்த வீட்டு மாநாட்டில் வைத்ததில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அந்த ராத்திரி என் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் நனைந்துபோய் ஒரு குட்டி ஒதுங்கியது. தென்னை எல்லாம் சாய்ந்து கிடக்கிற காலையில் யாருக்குப் பெயர் யோசிக்க நேரம்? 'புயல்ல வந்தது எங்க, அதுக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்து' என்றார் அத்தை. அப்படியே 'கஜா' ஆகிவிட்டது. ஊரைச் சாய்த்த புயலின் பெயரில் ஒரு நாய், இடி இடித்தால் முதலில் கட்டிலுக்கு அடியில் புகுவதும் அதுதான். எந்த மாநாடு போட்டாலும் இப்படி ஒரு பெயர் அமையுமா?

நடுவர் மணி அடித்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பதில் சொல்ல மறுபடியும் வரும் எதிரணி அண்ணன் வீட்டில் ஒரு லேப்ரடார் இருப்பது எனக்குத் தெரியும். தடுப்பூசி அட்டையில் அதன் பெயர் அலெக்சாண்டர். வீட்டில் அண்ணி அதை எப்படிக் கூப்பிடுகிறார் என்று இந்த மைக்கில் சொல்லிவிட்டு அண்ணன் பேச்சைத் தொடங்கட்டும். அண்ணி அங்கே மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், மாற்றிச் சொல்ல முடியாது. நன்றி, வணக்கம்.