குழம்புக் கரண்டியும் நீல மைப் பேனாவும்: சிலேயின் ஒரு வருடம்

வணக்கம் மக்களே. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். டங்... டங்... டட்டடங்!

ஹெட்போன் போட்டிருப்பவர்கள் மன்னிக்கவும். இது எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் மூடி, இது குழம்புக் கரண்டி. அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறேன், அதனால் சீக்கிரம் பேசி முடிக்க வேண்டும். தென் அமெரிக்காவின் சிலே நாட்டில் இந்தச் சத்தத்துக்கு 'காசெரோலாசோ' என்று பெயர். அரசாங்கத்தின் மேல் கோபம் வந்தால் ஜன்னலிலும் பால்கனியிலும் நின்று சட்டியைத் தட்டுவார்கள். ஒரு வீட்டில் ஆரம்பித்தால் போதும், தெரு முழுக்கப் பரவிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1971-இல் இடதுசாரி அதிபர் அயெந்தேவை எதிர்த்து, சாமான் கிடைக்கவில்லை என்று காலிச் சட்டியோடு ஊர்வலம் போன பெண்களில் வசதியான வீட்டுப் பெண்கள் நிறையப் பேர். 80-களில் அதே சத்தம் சர்வாதிகாரி பினோசேவுக்கு எதிராகக் கேட்டது. 2019-இல் மறுபடியும். இன்று பேசப்போவது 2019 அக்டோபரிலிருந்து 2020 அக்டோபர் வரையிலான அந்த ஒரு வருடத்தைப் பற்றி.

தலைநகர் சாந்தியாகோவின் மெட்ரோவில் கூட்ட நேரக் கட்டணம் 800 பெசோவாக இருந்தது. 2019 அக்டோபர் 6-ஆம் தேதி அதை 830 ஆக்கினார்கள். அன்றைய மதிப்பில் தோராயமாக 10 பெசோ என்றால் நம் ஊர்க் காசுக்கு ஒரு ரூபாய். ஆக, ஏற்றியது மூன்று ரூபாய். மூன்று ரூபாய்க்கா ஒரு நாடு பற்றி எரிந்தது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்புறம் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். குறைந்தபட்ச மாதச் சம்பளம் அப்போது 3,01,000 பெசோ. போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், மாதம் 25 நாள் வேலை என்றால் 41,500 பெசோ. வாங்குகிற சம்பளத்தில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு வெறும் ரயிலுக்கே போய்விடுகிறது. மீதியில் வாடகை, மருந்து, பிள்ளையின் கல்விக் கடன்.

இந்த உயர்வு மாணவர்களுக்குக் கிடையாது. அவர்களின் சலுகைக் கட்டணம் அப்படியேதான் இருந்தது. ஆனால் முதலில் எகிறிக் குதித்தது அவர்கள்தான். பள்ளிச் சீருடையோடு கூட்டமாக ஸ்டேஷனுக்குள் ஓடிவந்து, டிக்கெட் கேட்டைத் தாண்டிக் குதித்து, பின்னால் வரும் பெரியவர்களுக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு "வாங்க, வாங்க" என்று உள்ளே விட்டார்கள். அந்த வீடியோக்களில் ஒரு பாட்டியோ ஒரு வேலையாளோ ஒரு நொடி தயங்கிவிட்டு உள்ளே நுழைவதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். தனக்கு ஏறாத கட்டணத்துக்காக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை குதிக்கிறது என்றால், அது வீட்டில் அம்மா அப்பா காசை எண்ணுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

சரி, ஆளுகிறவர்கள் என்ன செய்தார்கள்? இந்த ஒரு வருடத்தை நான் தேதிகளை வைத்து ஞாபகம் வைத்திருப்பதில்லை, அவர்கள் வாயிலிருந்து வந்த பேச்சுகளை வைத்துத்தான். பொருளாதார அமைச்சர் ஃபோந்தேன் சொன்னார்: சீக்கிரம் எழுந்து ஏழு மணிக்கு முன்னால் ரயில் ஏறுங்கள், கட்டணம் குறைவு. அதிகாலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிற ஜனங்களிடம் போய் இதைச் சொன்னார். நிதியமைச்சர் லராயின் விலைவாசி பற்றிப் பேசும்போது, காதலர்கள் கவனிக்க, இந்த மாதம் பூ விலை குறைந்திருக்கிறது என்றார். அதிபர் செபஸ்தியான் பின்யேரா தன் பங்குக்கு, கொந்தளிக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கு நடுவே சிலே ஒரு பாலைவனச் சோலை என்றார். அதைச் சொல்லிப் பத்து நாள்தான் ஆனது.

அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. மெட்ரோ மொத்தமாக மூடப்பட்டது. வேலை முடிந்து லட்சக்கணக்கானோர் நடந்தே வீடு திரும்பினார்கள். இரவில் ஸ்டேஷன்கள் எரிய ஆரம்பித்தன. 136 ஸ்டேஷன்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை சேதம். கொளுத்தியது யார் என்ற சண்டை வெகு காலம் ஓடியது. நான் அதற்குள் போகவில்லை. அதே இரவில் அதிபரை ஒருவர் போட்டோ எடுத்துவிட்டார். எங்கே? வசதியானவர்கள் வாழும் பகுதியில் ஒரு பீட்சா கடையில், பேரனின் பிறந்தநாள் விருந்தில். பாவம், பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது குற்றமா என்று கேட்கலாம். ஆனால் ஊர் எரியும்போது அந்தப் படம் போன் போனாகப் பரவினால் என்ன ஆகும்?

நள்ளிரவு தாண்டி நெருக்கடி நிலை அறிவிப்பு. அடுத்த நாள் ஊரடங்கு. கட்டண உயர்வையும் அதிபர் அன்றே நிறுத்தினார், ஆனால் காலம் கடந்துவிட்டது. தெருவில் ராணுவம். பினோசே காலத்தைப் பார்த்த தலைமுறைக்கு அது எப்படி இருந்திருக்கும்! 20-ஆம் தேதி இரவு அதிபர் டிவியில், நாம் ஒரு சக்திவாய்ந்த எதிரியுடன் போரில் இருக்கிறோம் என்றார். தலைநகரின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த தளபதி இத்துரியாகாவிடம் மறுநாள் கேட்டார்கள். நான் சந்தோஷமான மனிதன், யாரோடும் எனக்குப் போர் இல்லை என்றார். அதிபர் மனைவியின் வாட்ஸ்அப் குரல் பதிவு வேறு கசிந்தது. வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்தது போல இருக்கிறது, நம் சலுகைகளைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களோடு பகிர வேண்டியிருக்கும் என்று தோழியிடம் சொல்லியிருந்தார். எல்லோரும் அந்த 'வேற்றுக்கிரகவாசி'யைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கென்னவோ அந்த அரசாங்கத்தின் பக்கமிருந்து வந்த ஒரே உண்மையான பேச்சு அதன் இரண்டாவது பாதிதான் என்று தோன்றுகிறது.

சுவரெல்லாம் ஒரே வாசகம்: "30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள்." 1990-இல் பினோசே பதவி இறங்கி ஜனநாயகம் வந்தது. ஆனால் அவர் 1980-இல் கொண்டுவந்த அரசியல் சட்டம், பல திருத்தங்களோடு தொடர்ந்தது. தண்ணீர் உரிமை தனியாருக்கு, ஓய்வூதியம் தனியார் நிதி நிறுவனங்களுக்கு. அக்டோபர் 25-ஆம் தேதி சாந்தியாகோவின் பிளாசா இத்தாலியா சதுக்கத்தில் சுமார் 12 லட்சம் பேர் திரண்டார்கள். மக்கள் அந்த இடத்துக்கு 'மாண்பின் சதுக்கம்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். அதிபர் அமைச்சரவையை மாற்றினார். டிசம்பரில் அங்கே நடக்கவிருந்த ஐ.நா. பருவநிலை மாநாடு மாட்ரிட்டுக்குப் போய்விட்டது.

இப்போது சொல்லப்போவது கஷ்டமான விஷயம். கண்கள். போராட்டக்காரர்களை நோக்கிப் போலீஸ் 'ரப்பர் குண்டு' சுட்டது. சிலேயின் தேசிய மனித உரிமைகள் நிறுவனத்தின் கணக்குப்படி 400-க்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் காயம். சிலே பல்கலைக்கழகம் அந்தக் குண்டை எடுத்துப் பரிசோதித்தது. அதில் ரப்பர் வெறும் 20 சதவீதம். மீதியில் சிலிக்கா, பேரியம் சல்ஃபேட், ஈயம். குஸ்தாவோ கத்திகா என்ற 21 வயது உளவியல் மாணவர் நவம்பர் 8 அன்று இரண்டு கண்ணிலும் அடிபட்டுப் பார்வை இழந்தார். ஃபாபியோலா காம்பியாய் என்ற தொழிலாளி போராட்டத்துக்கே போகவில்லை. இரவு ஷிஃப்டுக்குப் பஸ் பிடிக்கப் போனார். கண்ணீர்ப் புகைக்குண்டு முகத்தில் விழுந்து பார்வை போனது, வாசனையும் ருசியும்கூடப் போயின. 2021 தேர்தலில் அவர் கட்சி எதுவும் இல்லாமல் நின்று செனட்டர் ஆனார்.

நவம்பர் 15, விடியற்காலை. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் தூங்காத முகங்களோடு கட்சித் தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்: புதிய அரசியல் சட்டம் வேண்டுமா என்று மக்களையே கேட்பது. கம்யூனிஸ்ட் கட்சி ஒதுங்கிக்கொண்டது. 33 வயது கபிரியேல் போரிச் தன் கட்சி ஒப்புக்கொள்ளாத நிலையில் தனி ஆளாகக் கையெழுத்திட்டார். டிசம்பரில் அவர் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, துரோகி என்று திட்டி மேலே பீரை ஊற்றினார்கள். எழுந்து ஓடாமல், கை ஓங்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்தில் அதே ஆள் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அதே நவம்பரில் வால்பராய்சோவின் 'லாஸ் தேசிஸ்' பெண்கள் குழு, கண்ணைக் கட்டிக்கொண்டு பாலியல் வன்முறைக்கு எதிராகத் தெருவில் ஆடியது உலகம் முழுக்கப் பரவியது. அதற்குத் தனி வீடியோ போட வேண்டும், இங்கே இடம் போதாது.

வாக்கெடுப்பு 2020 ஏப்ரல் 26 என்று முடிவானது. ஆனால் மார்ச் 3-ஆம் தேதி முதல் கொரோனா நோயாளி. வாக்கெடுப்பு அக்டோபருக்குத் தள்ளிப்போனது, சதுக்கம் காலியானது. ஏப்ரல் 3 அன்று அதிபர் காரை நிறுத்தி இறங்கி, அந்தக் காலிச் சதுக்கத்துச் சிலையடியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அத்தனை லட்சம் பேர் நின்ற இடம், எல்லோரும் வீட்டில் பூட்டிக் கிடக்கும் நேரம்! எந்த ஆலோசகரும் தடுக்கவில்லையா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மே மாதம் எல் போஸ்கே பகுதியில் மக்கள் பசிக்கிறது என்று தெருவுக்கு வந்தார்கள். அன்றிரவு நகரின் உயரமான கோபுரம் ஒன்றின் மேல் ஒளியால் ஒரே வார்த்தை எழுதப்பட்டது: 'பசி'. அடுத்த நாள் 'மனிதநேயம்' என்று எழுதினார்கள். யாரோ வண்டியிலிருந்து பளீரென்று விளக்கடித்து அதை மறைக்கப் பார்த்தார்கள். அந்த மாதக் கடைசியில் சுகாதார அமைச்சர் மன்யாலிச், சாந்தியாகோவின் ஒரு பகுதியில் வறுமையும் நெருக்கடியும் இவ்வளவு பெரிது என்று தனக்குத் தெரியாது என்றார். ஜூனில் பதவி விலகினார். பூ விலை சொன்னவர், சீக்கிரம் எழச் சொன்னவர், இவர், எல்லோரும் அந்த ஏழை ஜனங்கள் வாழும் அதே ஊரில்தான் இருந்தார்கள். அந்த ஜனங்களின் தெருவை இவர்கள் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

ஜூலையில் நடந்ததை நான் வாக்கெடுப்பைவிடப் பெரிதாக நினைக்கிறேன். சிலேயில் சம்பளத்தில் 10 சதவீதம் தனியார் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், அவசரத்துக்குக்கூடத் தொட முடியாது. 1980-இல் இதைக் கொண்டுவந்த அமைச்சர் ஹோசே பின்யேரா, அதாவது அதிபரின் சொந்த அண்ணன். கொரோனாவில் கையில் காசில்லாமல், சேமிப்பில் 10 சதவீதத்தை எடுக்க விடுங்கள் என்று மக்கள் மறுபடியும் சட்டியைத் தட்ட, ஆளும் கூட்டணியின் எம்.பி.க்கள் சிலரே அரசாங்கத்தின் பேச்சை மீறி அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். அண்ணன் கட்டிய பூட்டைத் திறக்கும் சட்டத்தில் தம்பி கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. ஜூலை 30 அன்று ஓய்வூதிய நிறுவனங்களின் வாசல்களில் நீண்ட வரிசை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எடுத்தார்கள். சந்தோஷம்தான், ஆனால் எடுத்தது அவர்கள் முதுமைக்கு வைத்திருந்த சொந்தப் பணம். அரசாங்கம் தன் கையிலிருந்து கொடுத்தது அல்ல. இதைச் சொன்னால் கமெண்ட்டில் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

கடைசியாக 2020 அக்டோபர் 25. கொரோனா காரணமாக, ஓட்டுப் போட வரும்போது நீல மைப் பேனா ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முகக்கவசம், சட்டைப் பையில் பேனா, பரீட்சைக்குப் போவது மாதிரி வரிசை. புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்றவர்கள் 78 சதவீதம். நாட்டிலேயே ஐந்து கொமுனாக்களில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) மட்டும் 'வேண்டாம்' ஜெயித்தது. அதில் மூன்று, லாஸ் கோந்தேஸ், வித்தாகுரா, லோ பர்னெசேயா. மூன்றும் ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் பணக்காரப் பகுதிகள். அந்தப் பீட்சா கடையும் வித்தாகுராவில்தான்.

அன்றிரவு, 'பசி' என்று எழுதிய அதே கோபுரத்தில் 'மறுபிறப்பு' என்று ஒளிர்ந்தது. எழுதப்பட்ட புதிய சட்டத்தை 2022 செப்டம்பரில் அதே நாடு 62 சதவீத ஓட்டில் நிராகரித்தது. 2020-இல் ஓட்டுப் போடுவது விருப்பம், பாதிப் பேர்தான் வந்தார்கள். 2022-இல் அது கட்டாயம். அந்த மீதிப் பாதி யார் என்பதை அடுத்த வீடியோவில் பேசலாம். இப்போது கரண்டியைத் தேடிக் குரல் வந்துவிட்டது, நான் போகிறேன்.