நல்லதைக் கவனிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு

சேலம், ஏற்காடு வட்டார நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காலையில் கைபேசியைத் திறந்தால் சூரியன் உதிக்கிற படம், அதன் மேல் ஒரு ரோஜாப்பூ, கீழே ‘நேர்மறையாகச் சிந்தியுங்கள், மகிழ்ச்சி தானாக வரும்’ என்று ஒரு வரி. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இன்றைக்கும் வந்திருக்கும். அனுப்பிய சித்தப்பாவிடம், ‘எப்படிங்க சித்தப்பா சிந்திக்கிறது?’ என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பதில் வராது, கைகூப்புகிற பொம்மைதான் வரும். அந்த ‘எப்படி’யைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எது வேலைக்கு ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று, ‘நான் சந்தோஷமாக இருக்கிறேன், என்னை எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று பத்துத் தடவை சொல்லச் சொல்வார்கள். இதைக் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியல் பேராசிரியர் சோதித்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் பலன் இருந்தது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்களோ அப்படிச் சொன்ன பிறகு முன்னைவிட மனம் வாடிப்போனார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது. நம்பாத ஒன்றை வாய் சொன்னதும் மனதுக்குள் ஒரு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுகிறார். ‘பிடிக்குமா? போன வாரம் கல்யாணத்தில் யார் உன்னோடு பேசினார்கள்?’ என்று ஆதாரங்களை அடுக்குகிறார். அவரிடம் வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

அதனால் மனதைப் பார்த்து ‘நம்பு’ என்று சொல்லாதீர்கள், ‘பார்’ என்று சொல்லுங்கள். நடந்ததைப் பார்க்கச் சொன்னால் அது தகராறு செய்யாது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிறார்கள். முப்பத்தொன்பது பேர் சரக்கை வாங்கிக்கொண்டு ‘வர்றேங்க’ என்று போகிறார்கள். ஒருவர் மட்டும், ‘என்னய்யா, போன தடவை கொடுத்த பருப்பில் கல்லு’ என்று நாலு பேர் முன்னால் சத்தம் போடுகிறார். இரவு சாப்பிட உட்காரும்போது கடைக்காரருக்கு எவர் முகம் ஞாபகம் வரும்? கெட்டது பதிகிற அளவுக்கு நல்லது பதிவதில்லை. உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2001இல் பல துறை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னதும் இதுதான். ஆபத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும், நல்லதைக் கவனிக்காமல் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்றே மூளை பழகியிருக்கிறது. உங்கள் சுபாவம் கோணல் என்று வருந்த வேண்டாம். எல்லோர் தராசும் அந்தப் பக்கமே சாய்கிறது. நிமிர்த்தக் கொஞ்சம் கை வேலை வேண்டும், அவ்வளவுதான்.

கை வேலை என்றால் நிஜமாகவே கை வேலைதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. கைபேசியில் எழுதலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். எழுதப் போகிற நேரத்தில் ஒரு செய்தி வரும், அதைத் திறப்பீர்கள், முக்கால் மணி நேரம் போயிருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து, படுக்கப் போவதற்கு முன், பத்து நிமிடம் போதும். இன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. முதல் வரியில் என்ன நடந்தது, இரண்டாம் வரியில் அது ஏன் நடந்தது.

உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சி ஏறக்குறைய இதுதான். ஒரே ஒரு வாரம் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் வரைக்கும் அவர்களுடைய மனநிலை மேம்பட்டிருந்தது. வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் அதிகம். பின்னால் பலர் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படிப்பட்ட பயிற்சிகளின் பலன் சின்னதுதான் என்று தெரிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மந்திரம் இல்லை. பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுத்து வாங்கும் எழுதுகிற நோட்டுக்கு இந்தப் பலன் மோசமில்லை என்பது என் கட்சி.

பெரும்பாலோர் முதல் வரியை எழுதிவிட்டு இரண்டாம் வரியை விட்டுவிடுகிறார்கள். சாரம் முழுக்க அந்த ‘ஏன்’ வரியில்தான் இருக்கிறது. உதாரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

லீ பஜாரில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரர் தன்னுடைய தார்ப்பாயைக் கொண்டுவந்து போட்டு மூடினார். இது முதல் வரி. ஏன் செய்தார்? போன மாதம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது அவர் கடைக்கு வந்த சரக்கை நான் இறக்கி வைத்தேன். இது இரண்டாம் வரி. முதல் வரியோடு நிறுத்தியிருந்தால், ‘நல்லவேளை நனையவில்லை’ என்பதோடு போயிருக்கும். இரண்டாம் வரி எழுதியதும், இந்த பஜாரில் எனக்கு ஒரு மனுஷன் இருக்கிறார் என்பது தெரிகிறது.

இன்னொன்று. அம்மாப்பேட்டையில் ஒரு வீடு. நல்ல தண்ணீர் வந்த நேரத்தில் அந்த அம்மா வெளியே போயிருந்தார். மாடி வீட்டு அக்கா நாலு குடம் பிடித்து வைத்திருந்தார். ஏன்? ‘புறப்படும்போது, தண்ணி வந்தா பிடிச்சு வைங்கக்கான்னு வாய்விட்டுக் கேட்டேன்.’ எழுதிய பிறகே அவருக்குத் தெரியும், கேட்டால் செய்ய ஆள் இருக்கிறது, இத்தனை நாள் கேட்கத்தான் தயங்கினோம் என்று.

ஒரு வாரம் கழித்து ‘ஏன்’ வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். மூன்று வகைக்குள் அடங்கிவிடும். யாரோ உதவினார்கள், நான் ஏதோ செய்தேன், அதிர்ஷ்டம். மனம் சோர்ந்திருக்கிறவர்களுடைய நோட்டில் எல்லாமே அதிர்ஷ்டமாக இருக்கும். கெட்டது நடந்தால் என் தப்பு, நல்லது நடந்தால் ஏதோ நேரம் நன்றாக இருந்தது! ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர், ‘இன்னிக்குக் கூடை சீக்கிரம் நிறைந்தது, மழை இல்லாததால்’ என்று எழுதுவார். மழை எல்லோருக்கும்தான் இல்லை. காலையிலேயே பழுத்த வரிசையாகப் பார்த்து நின்றது யார்? அதிர்ஷ்டம் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும், ‘இதில் என் கை எங்கே இருந்தது?’ என்று ஒரு தடவை கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அதிர்ஷ்டம் என்றே இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், ‘ஏன்’ வரியை விட்டுவிடாதீர்கள்.

எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘குடும்பம் நன்றாக இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். இடம், ஆள், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். ‘நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்’ என்று ஒப்பிட்டும் எழுதாதீர்கள். அது நிம்மதி தராது, ‘இவ்வளவு இருந்தும் எனக்கு ஏன் சந்தோஷம் இல்லை’ என்ற குற்ற உணர்ச்சியில் கொண்டு போய் விடும். சாவு விழுந்த வீட்டில், கடன்காரன் வாசலில் நின்ற நாளில், மூன்று நல்லது தேடிப் பிடித்து எழுத வேண்டிய கட்டாயமில்லை. அன்றைக்கு யார் கூட நின்றார் என்று ஒரு பெயர் எழுதினால் போதும். அதுவும் முடியாவிட்டால் நோட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எத்தனை நாள் எழுதுவது? முதல் வாரம் தினமும். பிறகு வாரத்துக்கு ஒரு நாள். குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சேலத்து வெயிலில் வெந்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் இறங்கினால், அந்தக் காற்று முகத்தில் பட்டதும் ஆஹா என்றிருக்கிறது. மூன்றாம் நாள் அதே காற்றில் நின்றுகொண்டு ‘இங்கே சிக்னல் கிடைக்கலையே’ என்கிறோம். பழகினால் எதுவும் மங்கிவிடும். நோட்டும் அப்படித்தான். சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் இதைச் சோதித்தபோது, வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பழகிப்போவதன் வலு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவில் 1978இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. லாட்டரியில் பெருந்தொகை விழுந்த 22 பேரிடம், காலை உணவு, நண்பரோடு பேச்சு, ஒரு பத்திரிகை படிப்பது, இவையெல்லாம் எவ்வளவு இனிக்கிறது என்று கேட்டார்கள். பரிசு விழாத அக்கம்பக்கத்தாரைவிட அவர்களுக்கு இவற்றில் இனிப்புக் குறைவு. நம் ஊரில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், அதனால் அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

சின்ன இனிப்பைக் காப்பாற்ற வழி, சாப்பிடும்போது சாப்பிடுவது. சொன்னால் சிரிப்பீர்கள். தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், கார சட்னி, பச்சைச் சட்னி. தாமதித்தால் சட்னி ஊறித் தட்டுவடை நமத்துவிடும். அந்த மொறுமொறுப்புக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களிலும் ஒரு கையில் கைபேசி. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவர் 2010இல் வெளியிட்ட கணக்குப்படி, விழித்திருக்கும் நேரத்தில் 47 சதவீதம் நம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும்போது சந்தோஷமும் குறைவாகவே இருந்தது. அதனால் நாளுக்கு ஒரு பண்டம், முதல் மூன்று வாய்க்கு மட்டும், கைபேசி சட்டைப் பையில். முதல் வாய்க்கு மொறுமொறுப்பு, இரண்டாம் வாய்க்குப் புளிப்பு, மூன்றாம் வாய்க்கு உறைப்பு. பிறகு உங்கள் இஷ்டம்.

அடுத்தது, வரப்போகிற நாளைப் பற்றி. ‘நடந்த மாதிரியே கற்பனை செய், நடக்கும்’ என்கிறார்களே, அது எனக்கு ஒவ்வாத ஒன்று. கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர், உடல் எடை குறைக்கச் சேர்ந்த பெண்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து 1991இல் எழுதினார். ‘இளைத்துவிட்டேன், தோழி பார்த்து அசந்துபோகிறாள்’ என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இளைத்தார்கள். கற்பனையிலேயே பந்தி முடிந்துவிட்டால் அடுப்பு மூட்ட யாருக்கு மனம் வரும்?

அவர் சொல்கிற வழி நாலு படி. ஆசை என்ன, அது நடந்தால் என்ன சுகம், எனக்குள்ளேயே இருக்கிற தடை என்ன, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன். கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், காலையில் காந்தி ஸ்டேடியத்தில் நடக்க வேண்டும் என்கிறார். முதுகு வலி குறையும், அது சுகம். தடை என்ன என்றால் ‘நேரமில்லை’ என்பார். அது உண்மைத் தடை அல்ல. ராத்திரி பதினோரு மணி வரை வீடியோ பார்க்கிறார், அதுதான் தடை. அப்படியானால் திட்டம்: ‘மணி பத்து அடித்தால், கைபேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வருவேன்.’ ‘இது வந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவத்திலேயே எழுதுங்கள். ‘சீக்கிரம் தூங்க முயற்சி செய்வேன்’ என்று எழுதினால் பலிக்காது. அதில் மணியும் இல்லை, இடமும் இல்லை.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். கவலைக்கு நேரம் ஒதுக்குவது பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மாலையில் தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி. படுக்கையில் வேண்டாம், தூங்கும் நேரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். பகலில் கவலை வந்தால் ஒரு சீட்டில் ஒரு சொல்லாகக் குறித்துவிட்டு, ‘ஆறு மணிக்கு’ என்று தள்ளிப் போடுங்கள். ஆறு மணிக்கு அந்தச் சீட்டை எடுத்தால் பாதி ஏற்கெனவே ஆறிப்போயிருக்கும். மீதியில், நாளை செய்யக்கூடியது எது என்று மட்டும் பிரித்தெடுங்கள். உறவுகளைப் பற்றியும் பிறருக்குச் செலவழிப்பதைப் பற்றியும் சொல்ல நேரமில்லை.

ஆனால் இதை விட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அதற்கு நோட்டு போதாது. அது நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது. அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகச் சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. 14416.

வணக்கம்.