ரிஷிகேஷ்ல ஒரு மாசம் யோகா: அந்த ஊருக்கு நாம பாரமா?

அடுத்த கேள்வி. திருப்பூர்லேருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க. "ரிஷிகேஷ்ல 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் போகப்போறேன், 25 நாள். சுற்றுலாக் கூட்டத்தால அந்த ஊரே கெட்டுப்போச்சுன்னு படிச்சேன். போகலாமா வேணாமா? போனா ஊர்க்காரங்களுக்குத் தொந்தரவு இல்லாம எப்படி இருக்கறது? யோகா விரிப்பு இங்கேருந்தே கொண்டுபோகணுமா?"

தாராளமா போங்க. ஆனா யோசிக்க வேண்டியதெல்லாம் முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருங்க. எந்தப் பள்ளியில சேர்றீங்கங்கறதுலயே முக்கால்வாசி முடிவாயிடும். அங்க போய் ஸ்ட்ரா வேணாம்னு சொல்றதெல்லாம் அதுக்கப்புறம் வர்ற சின்ன விஷயம்.

மொதல்ல ஊரோட அமைப்பைப் பாருங்க. நாம ரிஷிகேஷ்னு ஒரே பேரா சொல்றோம். ஆனா பஜார், திரிவேணி காட் படித்துறை இருக்கற பக்கம் டேராடூன் மாவட்டம். அதைத் தாண்டி முனி கி ரேத்தி, தபோவன் எல்லாம் தெஹ்ரி மாவட்டம். பாலம் கடந்து எதிர்க்கரை ஸ்வர்காஷ்ரம் போனீங்கன்னா அது பௌரி மாவட்டம். யோகா பள்ளிகள் நெருக்கியடிச்சு இருக்கறது தபோவன்லயும் லட்சுமண் ஜூலாவைச் சுத்தியும்தான். ஆக, குப்பை அள்றது, சாக்கடை, கட்டட அனுமதி இதெல்லாம் ஒரே கையில இல்ல. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் மலை, நடுவுல சமதளம் கொஞ்சூண்டு. எதிர்க்கரையில ராஜாஜி புலிகள் காப்பகம். 1968ல பீட்டில்ஸ் இசைக்குழு வந்து தங்கின மகரிஷி மகேஷ் யோகி ஆசிரமமே இப்ப அந்தக் காப்பகத்துக்குள்ளதான் இருக்கு, டிக்கெட் எடுத்துத்தான் உள்ள போகணும். ஊர் பக்கவாட்டுல வளர வழியில்லாம மாடி மேல மாடியா ஏறுது.

அதனால பள்ளிக்கு எழுதும்போது மொதல் கேள்வியா இதைக் கேளுங்க: உங்க கட்டடத்துக் கழிவுநீர் பொதுச் சாக்கடையில சேருதா, செப்டிக் டேங்க்கா? டேங்க்னா எத்தனை மாசத்துக்கு ஒருதடவை லாரி வந்து எடுக்குது? கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கும், பரவாயில்ல. 10 பேருக்குக் கட்டின டேங்க்கை 30 பேர் பயன்படுத்தினா, கசடு கீழ தங்கறதுக்கு நேரமே கிடைக்காது. அரைகுறையா வெளிய வந்து, மழைக்காலத்துல ஓடை வழியா நேரா கங்கைக்குத்தான் போகும். "பிரச்சினையே இல்ல மேடம், எல்லாம் பார்த்துக்கறோம்"னு மட்டும் பதில் வந்தா, அவங்களுக்கே தெரியலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது கேள்வி குடிதண்ணி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு வைங்க. பாட்டில் தண்ணின்னா 25 நாளைக்கு 75 பாட்டில். 20 பேர் படிக்கற ஒரு வகுப்புக்கு 1,500 பாட்டில். 2022 ஜூலையில வந்த ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் தடையில கப்பு, தட்டு, ஸ்ட்ரா இதெல்லாம் உண்டு, தண்ணி பாட்டில் கிடையாது. அதனால அது தாராளமா ஓடிக்கிட்டிருக்கு. வடிகட்டின தண்ணி பிடிச்சுக்க ஏற்பாடு இருக்கான்னு கேளுங்க, 1 லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஒண்ணு கொண்டுபோங்க.

இதுலயே இன்னொரு விஷயம் இருக்கு, ஜல நேத்தி. காலையில மூக்கு கழுவறதுக்குன்னே நிறைய பேர் புது பாட்டிலை உடைக்கறாங்க. தேவையே இல்ல. குழாய்த் தண்ணியை ஒரு நிமிஷம் முழுசா தளதளன்னு கொதிக்க வெச்சு, வெதுவெதுன்னு ஆறவிட்டா போதும். அரை லிட்டருக்கு நாலரை கிராம் உப்பு, அதாவது தலைதட்டின டீஸ்பூன்ல முக்கால். உப்பு குறைஞ்சாலும் எரியும், கூடினாலும் எரியும். கொதிக்க வைக்காத தண்ணி மட்டும் கூடாது, "கங்கா ஜலம்தானே"ன்னு ஆத்துலேருந்து மொண்டு ஊத்தவே கூடாது. மூக்கு வழியா மூளைக்குப் போற அமீபா இருக்கு, அது தொத்தினா பிழைக்கறது ரொம்ப அபூர்வம். முடிச்சதும் குனிஞ்சு மெதுவா மூச்சை வெளிய தள்ளி, மூக்கை நல்லா காய வெச்சிருங்க. ஈரம் உள்ள தங்கினா தலை பாரமா இருக்கும்.

மூணாவது, நீங்க கட்டற பணம். இணையத்துல முன்பதிவுத் தளம் வழியா கட்டினா ஒரு பங்கு கமிஷனா அப்படியே வெளியூர் போயிடும். நேரா பள்ளிக்கே கட்டுங்க. கட்டடம் வாடகையா சொந்தமா, நடத்தறவங்க யாரு, வகுப்பு எடுக்கறவங்க பேரு என்ன, ஒரு வகுப்புல எத்தனை பேருன்னு கேளுங்க. 200 மணி நேரத்தை 25 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறைன்னா 9 மணி நேரத்தைத் தாண்டிடும். தினசரி அட்டவணையில 5 மணி நேரம்தான் இருக்குன்னா மீதி எங்கன்னு கேக்கறது உங்க உரிமை. பள்ளிகள் விளம்பரத்துல போடற யோகா அலையன்ஸ்ங்கறது அமெரிக்காவுல இருக்கற ஒரு பதிவு அமைப்பு, அரசாங்க அங்கீகாரம் இல்ல. நம்ம ஆயுஷ் அமைச்சகத்துக்குக் கீழ இருக்கற யோகா சான்றளிப்பு வாரியத்தோட தேர்வு தனி. இதைக் குழப்பிக்கிட்டு காசு கட்டறவங்க நிறைய.

உள்ளூருக்கு உண்மையில உதவற இடம்னா அது சமையல்கட்டுதான். பள்ளிகள்ல சமைக்கறவங்க, துடைக்கறவங்க பலரும் மேல கட்வால் மலைக் கிராமங்கள்லேருந்து இறங்கி வந்தவங்க. மலையில விவசாயம் கட்டுப்படியாகாம ஜனங்க கீழ வந்துட்டாங்க. உத்தராகண்ட் அரசு இதுக்குன்னே 2017ல இடப்பெயர்வு ஆணையம் ஒண்ணு அமைச்சுது. அதோட 2018 அறிக்கையில, 2011க்கு அப்புறம் 734 கிராமம் ஆளே இல்லாம போச்சுன்னு இருக்கு. அந்தக் கிராமங்கள்ல விளையறது என்ன தெரியுமா? மண்டுவா, ஜங்கோரா, கஹத். நம்ம கேழ்வரகு, குதிரைவாலி, கொள்ளு. ஆனா யோகா கஃபேல விக்கறது அவகாடோவும் கினோவாவும். நீங்க மண்டுவா ரொட்டியும் ஜங்கோரா பாயசமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா, அந்தக் காசு மலைக் கிராமங்களுக்குப் போகும். படிப்பு முடிஞ்சு ரெண்டு நாள் கையில இருந்தா மேல ஒரு கிராமத்து ஹோம்ஸ்டேல தங்குங்க. வீட்டுக்காரங்க அதே வீட்டுல குடியிருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா அது ஹோம்ஸ்டேன்னு போர்டு மாட்டின லாட்ஜ்.

சாப்பாட்டுல இன்னொண்ணு. ரிஷிகேஷ் ஊர் எல்லையில முட்டை விக்கறதுக்குக்கூட தடை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2004ல தடை செல்லும்னு தீர்ப்பாச்சு. அதனால நெத்திலிக் கருவாட்டுப் பொடியை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிடுங்க.

எப்ப போறதுன்னா, அக்டோபர் கடைசிலேருந்து நவம்பர், இல்லைன்னா பிப்ரவரி. மே, ஜூன் கேதார்நாத், பத்ரிநாத் பக்கம் போற சார்தாம் யாத்திரை, கூடவே டில்லி வார இறுதிக் கார்கள், ஊர்க்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட வழி கிடைக்காது. ஜூலை, ஆகஸ்ட் சிவபக்தர்கள் கங்கைத் தண்ணி எடுத்துப்போற காவடி யாத்திரை, மழை, மண்சரிவு. சென்னையிலேருந்து ரயில்ல டில்லி, அங்கேருந்து ஹரித்வார், அப்புறம் 25 கிலோமீட்டர் பஸ்ஸு. ரெண்டு நாள் பிடிக்கும், ஒரு மாசம் தங்கறவங்களுக்கு அது பெரிசில்ல.

படித்துறையில ஜனங்க குளிப்பாங்க, திதி கொடுப்பாங்க. அங்க நின்னு ஆசனம் போட்டு போட்டோ எடுக்காதீங்க. சாதுக்களைக் கேக்காம படம் எடுக்கவும் வேணாம். தண்ணியில சங்கிலி கட்டியிருக்கற இடத்தைத் தாண்டாதீங்க. மேல அணையிலேருந்து திறந்துவிடற அளவைப் பொறுத்து மட்டம் ஏறும், இழுப்பு பார்க்கறதைவிட பலம்.

இப்ப விரிப்பு. முனி கி ரேத்தியில சிவானந்த ஆசிரமம் இருக்கு, 1936ல தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கின இடம். சிவானந்தர் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்காரர், மலாயாவுல டாக்டரா இருந்துட்டு 1924ல அங்க போனவர். வந்தவர் மொதல்ல ஆரம்பிச்சது யோகா வகுப்பு இல்ல, யாத்திரை வர்றவங்களுக்கு இலவச மருந்தகம். பத்தமடைன்னாலே கோரைப்பாய்தான், ஆனா அந்தப் பாயை நம்பிப் போகாதீங்க. உக்காரவும் சவாசனத்துக்கும் அருமை, கையையும் காலையும் ஊனி இடுப்பைத் தூக்கற அதோ முக சுவானாசனத்துல கை வழுக்கிட்டே போகும். பிவிசி விரிப்பு அங்கயே மலிவா கிடைக்கும். படிப்பு முடிஞ்சதும் அதை அறையிலயே போட்டுட்டு வர்றாங்க பாருங்க, அதுதான் மாசாமாசம் சேர்ற குப்பை. திருப்பூர்லேருந்து பவானி எவ்வளவு தூரம்? கெட்டியான பருத்தி ஜமுக்காளம் ஒண்ணு வாங்குங்க, ரெண்டடி அகலம், ஆறடி நீளம். டைல்ஸ் தரையில நழுவும், அதுக்கு அடியில மெல்லிசா ஒரு ரப்பர் விரிப்பு. கை, கால் படற இடத்துல மட்டும் லேசா தண்ணி தெளிச்சுக்கோங்க, பிடிப்பு வந்துடும். வாரம் ஒருதடவை அலசிப் போட்டா போதும், திரும்பி வரும்போது சுருட்டி எடுத்துட்டு வந்துடுங்க.