ஒரே மாங்கொட்டை, இரண்டு கன்று! சின்னதைக் கிள்ளச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை

வணக்கம் மக்களே! காவேரிப்பட்டணம் மொட்டைமாடிதான், வழக்கம்போல வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்றைக்குத் தக்காளி வீடியோ போடுவதாக இருந்தேன், அது கிடக்கட்டும். முதலில் இதைப் பாருங்கள். கொட்டை ஒன்று, தண்டு இரண்டு. இடது பக்கத்துக் கன்று ஒரு சாண் வளர்ந்துவிட்டது, இலை இன்னும் செம்பு நிறம் மாறவில்லை. வலது பக்கத்தது அதில் பாதிகூட இல்லை.

போன ஷார்ட்ஸில் இதைக் காட்டியதும், "பெரியதை வை, சின்னதைக் கிள்ளு" என்று கமெண்ட் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொருவர், "தம்பி, இது இரட்டை இல்லை, குருத்து ஒடிந்து கிளைத்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். நியாயமான சந்தேகம். குருத்து பழுதானால் மாங்கன்று அடியிலிருந்து இரண்டு மூன்றாகத் துளிர்க்கும், மேலே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் காலையில் பையைக் கிழித்து, மண்ணைத் தண்ணீரில் கரைத்தே பார்த்துவிட்டேன். இதோ, ஆணிவேர் தனித்தனி. ஒட்டிக்கொண்டிருக்கும் பருப்பும் தனித்தனி. ஐயா, இப்போது சரியா?

நம் ஊர்க் கொட்டையில் இதை எதிர்பார்த்து உட்காராதீர்கள். பெங்களூரா, நீலம், செந்தூரா, மல்கோவா, அல்போன்சா எல்லாமே ஒற்றைக்கரு ரகம். இது பாலக்காட்டுச் சித்தி கொண்டுவந்த சந்திரகாரன். ஓலூர், குருக்கன், மூவாண்டன் மாதிரி மேற்குக் கடற்கரைப் பக்கத்து ரகங்களில் ஒரு கொட்டைக்குள் பல கரு இருக்கும். பழம் சின்னதுதான், ஆனால் அந்தப் புளிப்பும் இனிப்பும்! அங்கே முழுப் பழத்தையே போட்டு, மோர்க்குழம்பு மாதிரிப் புளிசேரி வைக்கிறார்கள். பெங்களூராவை நான் ஜூஸுக்கு மேல் மதிக்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. தோப்புக்கார மாமாக்கள் திட்ட வேண்டாம்.

அட, ஒன்றைச் சொல்லாமலே போகிறேன். கொட்டையை அப்படியே புதைக்கவில்லை. சதையை அலசி, ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, ஓட்டைப் பிரித்துப் பருப்பை மட்டும்தான் விதைத்தேன். சீக்கிரம் முளைக்கும், உள்ளே வண்டு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். ரொம்ப நாள் காயவிடவும் கூடாது, மாங்கொட்டை உலர்ந்தால் உயிர் போய்விடும். இந்தப் பருப்பு வழக்கம்போல இரண்டு பாதியாக இல்லாமல், முந்திரித் துண்டுகளை நெருக்கி அடுக்கியது போல இருந்தது. அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரட்டை என்று நாம்தான் சொல்கிறோம். இப்படிப்பட்ட கொட்டையில் ஒரு கருதான் மகரந்தம் சேர்ந்து உண்டாவது, அதற்கு அப்பா எந்த மரமோ! மற்ற கருக்கள் சூலுக்குள் இருக்கும் தாய்த் திசுவிலிருந்தே கிளம்புபவை, தாய் மரத்தின் அப்பட்டமான நகல். அதாவது இந்தப் பையில் அம்மாவும் அம்மாவின் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். கலப்புக் கரு உள்ளேயே செத்துப்போயிருந்தால் இரண்டுமே அம்மாதான். ஒரே விதையில் பல கரு இருப்பதை, நுண்ணோக்கியால் ஆராய்ந்த டச்சுக்காரர் லீவன்ஹூக் 1719-லேயே ஆரஞ்சு விதையில் பார்த்துவிட்டார். நம் ஆட்கள் இன்னும் "பெரியதை வை, சின்னதைக் கிள்ளு" என்றே கமெண்ட் போடுகிறார்கள்!

இதுதான் எனக்கு எரிச்சல். நகல்கள் முந்திக்கொண்டு வளர்ந்து, கலப்புக் கன்று நோஞ்சானாக நிற்பது அடிக்கடி நடப்பதுதான். சின்னதைக் கிள்ளினால், புதிதாகப் பிறந்த அந்த ஒன்றையே கிள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது. அடித்தும் சொல்ல முடியாது, டிஎன்ஏ பார்த்தால்தான் உறுதி. சந்தூர் பக்கம் நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு ஒட்டுக் கட்ட அடியில் வைக்கும் வேர்ச்செடி ஒரே சீராக இருக்க வேண்டும், அவர்கள் நோஞ்சானைக் கழித்தால் அர்த்தம் இருக்கிறது. எனக்கென்ன வியாபாரமா நடக்கிறது?

எனவே பிரித்துவிடலாம் என்று பை வாங்கப் போனேன். மாங்கன்றுக்கு உயரமான பை வேண்டும், குட்டைப் பையில் ஆணிவேர் சுருண்டுவிடும். கடைக்காரர், "ஒன்று 25 ரூபாய், பத்தாக எடுத்தால் 14" என்கிறார். எனக்கு வேண்டியது இரண்டு. இரண்டுக்கு 50, பத்துக்கு 140. பிறந்தது இரட்டை, பத்துப் பிள்ளை இல்லை என்றேன். சிரித்தாரே ஒழிய ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அதே பையை ஆன்லைனில் பார்த்தால் டெலிவரி மட்டும் 60! வெயிலில் நின்று கணக்குப் போட்டு, கடைசியில் பத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது பிரிக்கிறேன், பாருங்கள். பருப்பு அந்தந்தக் கன்றோடே போகட்டும், இன்னும் சாப்பாடு அதிலிருந்துதான். வேரை இழுக்காமல் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக... ம்ம்... வந்துவிட்டது! பெரியதற்குச் சிவப்பு நூல், சின்னதற்கு வெள்ளை நூல். ஒரு வாரம் நிழல்.

எங்கள் அப்பா வேறு, இலை செம்பு நிறத்தில் இருக்கும்போதே ஒட்டுக் கட்டினால்தான் நன்றாகப் பிடிக்கும், பெரியதில் செந்தூராவை ஒட்டிவிடலாம் என்று அவசரப்படுத்துகிறார். அதில் செந்தூரா காய்த்தால் இரண்டையும் நான் எப்படி ஒப்பிடுவது? மீதி எட்டுப் பை சும்மாதானே கிடக்கிறது. பெங்களூரா கொட்டை போட்டுத் தருகிறேன், அதில் ஆசை தீர ஒட்டிக்கொள்ளட்டும்.