பனிக்கட்டியைக் குடைந்து கப்பல் பழுதுபார்க்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பணிக்காலம் முழுவதும் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் கழிந்தது. அதனால் எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் அங்கே கப்பலை எங்கே ஏற்றுகிறார்கள், அடித்தகட்டை யார் மாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடியபோது என்னை மிகவும் ஈர்த்த ஊர், கடலிலிருந்து ஆற்றுவழியாக ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில், லேனா ஆற்றங்கரையில், யாகுட்ஸ்க் நகரத்துக்குச் சற்று வடக்கே உள்ள ஜத்தாய். மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆற்றுக் கப்பல்களின் பழுதுபார்ப்பை நம்பியே வளர்ந்த ஊர்.

முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லேனா, பைக்கால் ஏரிக்குப் பக்கத்து மலைகளில் பிறந்து, சுமார் 4,400 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக் கடலில் கலக்கிறது. யாகுட்ஸ்க் பக்கத்தில் அக்டோபர் கடைசியில் உறைந்தால் மே மாத நடுவிலோ கடைசியிலோதான் உடையும். அதாவது வருடத்தில் ஏழு மாதம் கப்பல் நகராது. மீதியுள்ள ஐந்தே மாதத்தில் மாவு, எண்ணெய், நிலக்கரி, மருந்து என்று ஒரு முழு வருடத்துக்கான சரக்கையும் வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். ஜூலையில் ஒரு கப்பல் பழுதாகி நின்றால் அதை நம்பியிருக்கும் ஊருக்கு மாற்று வழி கிடையாது.

நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் இங்கே பழுதுபார்ப்பு என்ற வேலையே பெரிதாக இல்லை. இர்குட்ஸ்க்கிலிருந்து வண்டியில் சரக்கு, லேனாவின் மேற்பகுதிக் கரையிலுள்ள கச்சூக் வரைக்கும் வரும். அங்கே தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகுகளைக் கட்டி, வசந்தகால வெள்ளத்தில் மிதக்கவிடுவார்கள். வழியில் ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தி வியாபாரம் செய்துகொண்டே போவார்கள்; மிதக்கும் சந்தை என்றே சொல்லலாம். யாகுட்ஸ்க் போய்ச் சேர்ந்ததும் படகைப் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். ஆற்றை எதிர்த்துத் திரும்பிவர அதனால் முடியாது. ஒரே பயணத்துக்கான படகைப் பழுதுபார்க்க யார் மெனக்கெடுவார்கள்?

நீராவி இயந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. 1878-இல் 'லேனா' என்றே பெயரிட்ட ஒரு நீராவிக் கப்பல் இந்த ஆற்றுக்கு வந்தது. ஸ்வீடனில் மோத்தாலா பட்டறையில் கட்டப்பட்டது. தங்கச் சுரங்க முதலாளி அலெக்சாந்தர் சிபிரியாக்கோவின் கப்பல். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் வடகரையை ஒட்டிப் பசிபிக் வரை போகும் வடகிழக்குக் கடல்வழியை முழுதாகக் கடக்கப் புறப்பட்ட ஆய்வுப்பயணி நோர்டன்ஷோல்டின் 'வேகா' கப்பலோடு சேர்ந்து ஆர்க்டிக் கடலில் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் லேனாவின் கழிமுகத்தில் வேகாவிடம் விடைபெற்று, யோஹான்னசன் என்ற நார்வே நாட்டுக் கேப்டனின் பொறுப்பில் ஆற்றுக்குள் நுழைந்து, செப்டம்பரில் யாகுட்ஸ்க் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து கடல்வழியாக லேனாவுக்குள் வந்த முதல் கப்பல் அதுதான். வரலாற்று நூல்களில் வேகாவின் பெயர் பெரிதாக நிற்கிறது. எனக்கு அதன் கூட்டாளிமீதுதான் அக்கறை. வேகா ஊர் திரும்பிவிட்டது. லேனா அந்த ஆற்றிலேயே தங்கி, ஒவ்வொரு குளிர்காலத்தையும் அங்கேயே தாக்குப்பிடித்து, வேலை செய்தது.

குளிர்காலத்தைத் தாக்குப்பிடிப்பது என்றால் என்ன? இந்த ஊர்கள் பிறந்த காரணமே அதில்தான் இருக்கிறது. லேனா, யெனிசேய், ஓப் ஆகிய மூன்று பெரிய ஆறுகளும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும். வடக்கே ஆறு இன்னும் பாறைபோலக் கிடக்கும். மேலேயிருந்து வரும் வெள்ளமும் உடைந்த பனிப்பாளங்களும் கீழே உடையாத பனியில் போய் முட்டி அணைபோல அடைத்துக்கொள்ளும். 2001 மே மாதத்தில் லென்ஸ்க் நகரத்துக்குக் கீழே அப்படி அடைத்து, நீர்மட்டம் சுமார் 20 மீட்டர் உயர்ந்து, ஊரே மூழ்கியது. விமானத்திலிருந்து குண்டு போட்டுப் பனியைத் தகர்க்கப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆற்றின் நடுவிலோ திறந்த கரையிலோ ஒரு கப்பலைக் குளிர்காலத்துக்கு விட்டுவைத்தால் மே மாதம் தகரமாகக்கூட மிஞ்சாது.

ஆகவே ஓடும் நீரிலிருந்து விலகிய, பனிப்பாளங்கள் நுழையாத ஓர் ஒதுக்குநீர் வேண்டும். ரஷ்யர்கள் அதை ஜத்தோன் என்கிறார்கள். அக்டோபரில் கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து வரிசையாக ஒதுங்கும். குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடிப்பார்கள். மறந்து விட்டால் உறைந்து குழாயே வெடித்துவிடும். பிறகு அந்தக் கப்பல்களின் மாலுமிகளே பழுதுபார்ப்பவர்களாக மாறுவார்கள். அவர்களுக்கு வீடு, பட்டறை, பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை. அப்புறம் அது ஊராகிவிடும். தோம்ஸ்க் அருகே சமூஸ், மொரியாக்கோவ்ஸ்கி ஜத்தோன், யெனிசேயில் போத்தியோசோவோ, லேனாவில் பெலெதூய் என்று இப்படிப் பிறந்த ஊர்கள் பல. சமூஸ் பற்றி ஒரு செய்தி: அங்கே தொல்லியலாளர்கள் தோண்டியபோது, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட வெண்கல வார்ப்புக்கான களிமண் அச்சுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தப் பண்பாட்டுக்கே சமூஸ் பண்பாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கப்பல் பட்டறை வருவதற்கு எவ்வளவோ முன்பே அந்தக் கரையில் உலோக வேலை நடந்திருக்கிறது.

சோவியத் அரசு வந்த பிறகு லேனாவில் கப்பல்கள் பெருகின. வடக்கே யானா ஆற்றுப் பகுதியில் வெள்ளீயச் சுரங்கம், விட்டிம் பக்கம் தங்கம், எல்லாவற்றுக்கும் ஆறுதான் பாதை. இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. மாவு ஏற்றிய அதே ஆற்றில் மனிதர்களையும் ஏற்றிச் சென்றார்கள். 1942-இல் லித்துவேனியர்களும் ஃபின்லாந்து இனத்தவரும் ஆயிரக்கணக்கில் நாடுகடத்தப்பட்டு, லேனாவில் படகுகளில் கீழே கொண்டுபோகப்பட்டு, கழிமுகத்தின் வெற்றுக் கரைகளில் மீன்பிடிக்க இறக்கிவிடப்பட்டார்கள். கூரைகூடச் சரியாக இல்லாத அந்த முதல் குளிர்காலத்தில் பலர் இறந்துபோனார்கள். தய்ஷேத் ஊரிலிருந்து லேனா கரைக்கு வந்த ரயில்பாதையும் கைதிகளின் உழைப்பில் போடப்பட்டது. 1951-இல் அது உஸ்த்-கூத் ஊரைத் தொட்டதும், அங்குள்ள ஓசெட்ரோவோ துறைமுகம் நாட்டின் மிகப் பெரிய ஆற்றுத் துறைமுகங்களில் ஒன்றாக வளர்ந்தது. சரக்கு குவிந்தது, கப்பல் கூடியது, ஜத்தாய் போன்ற ஊர்களுக்கு வேலை பெருகியது. அந்த வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அதன் அடியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, இப்போது நான் ஆசையோடு சொல்லக் காத்திருந்த பகுதிக்கு வருகிறேன்.

கப்பலின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்க வேண்டுமானால் நம் ஊரில் டிரை டாக்கில் ஏற்றித் தண்ணீரை இறைத்துவிடுவோம். ஜத்தாயில் சாய்தளம் இருக்கிறது. வின்ச் என்ற இழுவைப் பொறியை வைத்துக் கப்பலைக் கரையேற்றுவார்கள். ஆனால் ஒதுங்கி நிற்கும் எல்லாக் கப்பலையும் அதில் ஏற்ற இடம் போதாது. புரொப்பெல்லர் வளைந்தது, சுக்கான் ஆடுகிறது, அடித்தகடு ஓரிடத்தில் மெலிந்துவிட்டது என்பதற்காக ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் கப்பலைச் சுற்றி உறைந்த பனியையே டாக்காக மாற்றிவிடுகிறார்கள்.

எப்படி என்று கேளுங்கள். முதலில் கப்பலின் பின்பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, அங்கே விழுந்த பனித்தூளை வாரிவிடுவார்கள். பனித்தூள் கம்பளிபோலக் குளிரைத் தடுக்கும். அது இருந்தால் அடியில் பனி தடிக்காது. பிறகு சங்கிலி ரம்பத்தால் கட்டம் கட்டமாக அறுத்து, இரும்பு முனை வைத்த கடப்பாரையால் நெம்பி, கட்டிகளை வெளியே எடுப்பார்கள். ஆனால் தண்ணீர் வரைக்கும் போகமாட்டார்கள். கீழே மெல்லிய ஒரு தளத்தை விட்டுவிடுவார்கள். மேலே தடிமன் குறைந்ததால் குளிர் சுலபமாக அடியில் இறங்கும். சில நாள் காத்திருந்தால் தளத்தின் அடிப்பக்கம் தண்ணீர் உறைந்து பனி மறுபடி தடித்துவிடும். மறுபடி மேலே அறுப்பார்கள். மறுபடி காத்திருப்பார்கள். இப்படி அடுக்கடுக்காகக் கீழே இறங்கி, மனிதன் நின்று வேலை செய்யும் ஆழத்துக்கு ஒரு குழி உருவாகும். குழியின் சுவரும் தரையும் பனி. வெளியே நான்கு பக்கமும் ஆறு. கப்பலின் அடியில் சுரங்கம்போலக் குடைந்து, இடையிடையே பனித்தூண்களை விட்டு அதன் எடையைத் தாங்க வைப்பார்கள்.

இந்த வேலையில் ஒரு தவறு போதும். கடப்பாரை ஓரங்குலம் கூடுதலாக இறங்கினால் அடியிலுள்ள தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து குழியை நிரப்பிவிடும். வாரக்கணக்கான உழைப்பு போய், உறையும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தளத்தின் தடிமனைத் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தும் நிறத்தை வைத்தும் கணிக்கும் கைப்பழக்கம் அனுபவத்தில்தான் வரும். ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 40-ஐ ஒட்டி இருக்கும் இடம். மைனஸ் 50-க்கும் போகும். மற்ற எல்லாருக்கும் அது கொடுமை. பனி அறுப்பவர்களுக்கோ குளிர் கூடக் கூட வேலை வேகமாக நடக்கும், இதமான வாரம் வந்துவிட்டால்தான் கவலை.

குழி தயாரானதும் பொறுப்பு வெல்டர் கைக்கு மாறும். அதுவும் எளிதல்ல. அந்தக் குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் இணைப்பில் விரிசல் விழும். நானும் மழையில், காற்றில் வெல்டிங் வேலையை மேற்பார்த்திருக்கிறேன். மைனஸ் 40-இல் பனிக்குழிக்குள் குனிந்து ஒருவர் வைக்கும் இணைப்பு, கோடையில் யானாவின் ஆழமற்ற கழிமுகத்தில் தரைதட்டியும் தாங்குகிறது என்று அறியும்போது அந்தக் கைக்கு மரியாதை செய்யத் தோன்றுகிறது. ஏப்ரலுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பிறகு குழிக்குள் தண்ணீர் தானாகவே வந்துவிடும்.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு இந்த ஊர்களுக்குச் சோதனைக் காலம். அரசு பணம் கொடுத்து வடக்கே அனுப்பிய சரக்கு சுருங்கியது. சுரங்க ஊர்கள் காலியாயின. யாகுட்ஸ்க்கைத் தலைநகராகக் கொண்ட யாகுட்டியா குடியரசின் மக்கள்தொகை 1989-இல் சுமார் 11 லட்சம். 2002-இல் சுமார் 9.5 லட்சம். வடக்கே ஆள் குறைந்தால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் கப்பல் குறையும், கப்பல் குறைந்தால் பட்டறையில் வேலை குறையும். ஒரே தொழிலை நம்பிய ஊரில் அந்த அடி எல்லா வீட்டுக்கும் விழும். புதிய கப்பல்கள் வராமல், சோவியத் காலத்துக் கப்பல்களையே தகடு மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அந்த ஆண்டுகளில் லேனாவின் போக்குவரத்து நின்றுவிடாமல் காத்ததில் பழுதுபார்ப்பவர்களின் பங்கு பெரிது. அதற்கு அவர்களுக்குப் போதிய பெயர் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஜத்தாயில் அரசுச் செலவில் புதிய கப்பல் கட்டும் தளம் எழுந்திருக்கிறது. பழைய கப்பல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை அங்கேயே கட்ட வேண்டும் என்பது திட்டம். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: கட்டும் தளத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது பனி அறுப்பவர்களுக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்கு நல்ல கூலி வேண்டும், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இளைஞர்கள் வேண்டும். புதிய கப்பலும் அக்டோபரில் அதே ஒதுக்குநீரில் உறையத்தான் போகிறது. அதன் புரொப்பெல்லரும் ஒருநாள் வளையும்.

தெற்கிலிருந்து வரும் ரயில்பாதை, யாகுட்ஸ்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள நீஷ்னி பெஸ்தியாஹ் வரை வந்துவிட்டது. 2019 முதல் பயணிகள் ரயிலும் ஓடுகிறது. யாகுட்ஸ்க்கில் லேனாவுக்கு இதுவரை பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிமேல் சாலை. பாலம் கட்டும் வேலை நடக்கிறது. பாலம் வந்தால் ஆற்றுக் கப்பலுக்கு வேலை போய்விடும் என்று சிலர் சொல்லலாம். யாகுட்ஸ்க் நகரத்துச் சரக்கில் ஒரு பங்கு போகலாம்தான். ஆனால் வடக்கே ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் சாலையே இல்லை. அவர்களின் கொதிகலன்களுக்கான நிலக்கரியும் எண்ணெயும் இனிமேலும் ஆற்றில்தான் போகும். அதற்கான கப்பல்கள் குளிர்காலத்தில் ஒதுங்குவதும் பழுது நீங்குவதும் ஜத்தாய் போன்ற ஊர்களில்தான்.

நன்றி. வணக்கம்.